பதின்மூன்றாவது ரகம்

வேளாங்கண்ணிக்கு ரயில் வராத காலம் அது. தஞ்சாவூரில் பொறியியல் படித்த நான், சனிக்கிழமைகளில் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் பஸ் மாறி ஊருக்கு வருவேன். பையில் துவைக்க வேண்டிய துணிகளோடு ஒரு சிடியும் இருக்கும். 1990களின் நடுவில் பிசி குவெஸ்ட் இதழோடு லினக்ஸ் சிடி தந்தார்கள். விடுதியில் அறைக்கு அறை கைமாறிக் கீறல் விழுந்த அந்த சிடி, என் முறை வரும்போது என்னோடு ஊருக்கு வரும். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கடற்கரைக்குப் போகும் சாலையில் அப்பாவுக்கு மெழுகுவத்திக் கடை. வருமானம் திருவிழாவை நம்பித்தான். நாகப்பட்டினத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டோடு கம்ப்யூட்டர் சென்டரும் நடத்திய ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போனால் ஒரு 486 மெஷினை எனக்கு விட்டுக்கொடுப்பார். 8 எம்.பி. நினைவகம்.

அந்த 8 எம்.பி.க்குள் ஒரு முழு யூனிக்ஸ் ஓடுவதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. அது ஓடியதற்கு முக்கியக் காரணம் ஷேர்டு லைப்ரரி. திரையில் எழுதுவது, கோப்பைத் திறப்பது, நினைவகம் கேட்டு வாங்குவது போன்ற வேலைகள் எல்லாப் புரோகிராமுக்கும் பொது. ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் அவற்றை நகலெடுத்துத் திணிக்காமல், ஒரே லைப்ரரியில் வைத்து, நினைவகத்தில் ஒரே தடவை ஏற்றி, எல்லாப் புரோகிராமும் அதையே பயன்படுத்தும். பத்துப் புரோகிராம் ஓடினாலும் சி லைப்ரரியின் கட்டளைகள் ஓர் இடத்தைத்தான் பிடிக்கும்.

லினக்ஸ் அப்போதுதான் ஏ.அவுட் என்ற பழைய வடிவத்தை விட்டு எல்ஃப் என்ற வடிவத்துக்கு மாறியிருந்தது. 1995இல் நடந்த மாற்றம். ஏ.அவுட் காலத்தில் ஒவ்வொரு ஷேர்டு லைப்ரரிக்கும் நினைவகத்தில் நிரந்தரமாக ஒரு முகவரி ஒதுக்கியிருந்தார்கள். சி லைப்ரரிக்குப் பதினாறடிமான எண்ணில் 60000000. அந்த இடத்தை வேறு லைப்ரரி தொடக் கூடாது. புதிதாக ஒரு லைப்ரரி எழுதுகிறவர் காலியிடம் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எல்ஃப் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. லைப்ரரி எங்கே ஏறினாலும் ஓடும். புரோகிராம் கிளம்பும்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்று டைனமிக் லிங்கர் பார்த்து முகவரிகளை நிரப்பிக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டின் மூலம் சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4. அதன் வடிவமைப்பாளர்கள் 1987இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையில் அதை விளக்கினார்கள். புரோகிராம் எழுதுகிறவருக்கு அதில் ஒரு வாக்கு இருந்தது: பழைய முறையில் லைப்ரரியைப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்து லிங்க் செய்தால் எப்படி நடக்குமோ, ஷேர்டு லைப்ரரியோடும் அப்படியே நடக்கும், சோர்ஸ் கோடில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். எங்கள் தலைமுறை யூனிக்ஸ் பக்கம் சாய்ந்ததற்கு இந்த வாக்கு ஒரு பெரிய காரணம். விண்டோஸில் விஷுவல் சி++ எழுதிய நண்பர்கள், டிஎல்எல்லிலிருந்து வெளியே போகும் ஒவ்வொன்றின் தலையிலும் டிஎல்எல்-எக்ஸ்போர்ட் என்றும், உள்ளே வரும் ஒவ்வொன்றின் தலையிலும் டிஎல்எல்-இம்போர்ட் என்றும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. எக்ஸ்டர்ன் என்று அறிவித்தால் போதும். அது இந்தக் கோப்பில் இருக்கிறதா, பக்கத்துக் கோப்பில் இருக்கிறதா, வேறு லைப்ரரியில் இருக்கிறதா என்று லிங்கர் பார்த்துக்கொள்ளும்.

லிங்கர் எப்படிப் பார்த்துக்கொண்டது? பெயரை வைத்து. எங்கள் ஊர்ப் பக்கம் ஆரோக்கியராஜ், ஆரோக்கியமேரி என்ற பெயர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தன்று கூட்டத்தின் நடுவே நின்று ஆரோக்கியராஜ் என்று கூப்பிட்டால், முதலில் திரும்புகிறவர்தான் வருவார். எல்ஃபில் பெயர் தேடுவதும் அதே விதிதான். முதலில் புரோகிராமில் தேடும். பிறகு அது கேட்ட லைப்ரரிகளில் வரிசையாகத் தேடும். முதலில் எங்கே அகப்படுகிறதோ அதுவே எல்லாருக்கும். ஒரு லைப்ரரி தன்னுடைய சொந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும், அதே பெயரில் முன்னால் வேறொருவர் நின்றால் அவர்தான் வருவார். இதில் பெரிய நன்மையும் உண்டு. மால்லாக் என்ற ஃபங்ஷனுக்கு வேறொரு வடிவத்தை எழுதி, எல்டி-பிரிலோட் மூலம் வரிசையில் முதலில் நிறுத்தினால், ஏற்கெனவே கம்பைல் செய்த புரோகிராம்கூட அதையே பயன்படுத்தும். நினைவகக் கசிவைத் தேடும் கருவிகள் பல இப்படித்தான் வேலை செய்கின்றன.

வாக்குக் கொடுத்தாயிற்று. காப்பாற்றும் சுமை கம்பைலரின் தலையிலும் லிங்கரின் தலையிலும் விழுந்தது. ஃபங்ஷனைப் பொறுத்தவரை காப்பாற்றுவது கடினமல்ல. ஒரு கோப்பைக் கம்பைல் செய்யும்போது, கூப்பிடும் ஃபங்ஷன் எங்கே இருக்கும் என்று கம்பைலருக்குத் தெரியாது. ‘அந்தப் பெயருக்குப் போ’ என்று கட்டளை எழுதி முகவரியை மட்டும் காலியாக விடும். கடைசியில் லிங்கர் வந்து பார்க்கும். ஃபங்ஷன் லைப்ரரியில் இருந்தால், புரோகிராமுக்குள்ளேயே சில கட்டளைகள் கொண்ட ஒரு சிறு துண்டை உருவாக்கி, அழைப்பை அதற்குத் திருப்பும். பிஎல்டி என்பது அந்தத் துண்டுகளின் தொகுப்பு. துண்டு உண்மையான முகவரியை ஒரு டேபிளிலிருந்து எடுத்து அங்கே தாவும். கூப்பிட்டவருக்கு எதுவும் தெரியாது.

வேரியபிள் அப்படியல்ல. அங்கே தாவுதலே இல்லை. நினைவகத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தைப் படி என்ற நேரடிக் கட்டளை மட்டும்தான் இருக்கிறது. நடுவே ஒரு துண்டை நுழைக்க வழியில்லை. இரண்டு தீர்வுதான் உண்டு. ஒன்று, கம்பைலர் முன்கூட்டியே சந்தேகப்பட்டு, ஜி.ஓ.டி. என்ற முகவரி டேபிளிலிருந்து முதலில் முகவரியை எடுத்து, பிறகு அந்த முகவரியில் இருப்பதைப் படிப்பது. ஒரு படி கூடுதல். இன்னொன்று, கம்பைலர் எதையும் சந்தேகப்படாமல் நேரடியாக எழுதிவிட, லிங்கர் தந்திரம் செய்வது. லைப்ரரியில் இருக்கும் வேரியபிளின் நீளத்தைப் பார்த்து, அதே அளவு காலியிடத்தைப் புரோகிராமுக்குள் ஒதுக்கும். புரோகிராம் கிளம்பும்போது டைனமிக் லிங்கர் லைப்ரரியில் உள்ள மதிப்பை அந்த இடத்துக்கு நகலெடுக்கும். அதற்குப் பிறகு லைப்ரரியும் தன் இடத்தை விட்டுவிட்டு, புரோகிராமில் உள்ள நகலையே பார்க்கும். இதன் பெயர் காப்பி ரீலொகேஷன். லைப்ரரியின் சொத்து, லைப்ரரிக்குத் தெரியாமலே, புரோகிராமின் வீட்டுக்குக் குடி போய்விடுகிறது.

லேபில் எங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. கோப்பு திறக்கவில்லை என்றால் எர்நோ என்ற வேரியபிளில் ஓர் எண் இருக்கும். சிஸ்-எர்லிஸ்ட் என்ற டேபிளில் அந்த எண்ணுக்குரிய வரியை எடுத்துத் திரையில் போடுவோம். இரண்டும் சி லைப்ரரி வெளியே விட்டிருந்த வேரியபிள்கள். யூனிக்ஸில் எழுதிய எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். ஜான் லெவின் எழுதிய லிங்கர்களையும் லோடர்களையும் பற்றிய புத்தகம் 1999இல் வந்தது. சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு, அதை ஒரு நண்பரிடம் வாங்கிப் படித்தபோதுதான் திரைக்குப் பின்னால் நடக்கும் இந்தக் குடிபெயர்ப்பு எனக்குத் தெரிய வந்தது.

அது வெறும் புத்தக விஷயமாக நிற்கவில்லை. 2014 குறுவை அறுவடை நேரத்தில் திருவாரூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு போன் வந்தது. எடைமேடையில் லாரி ஏறியதும் எடையை எடுத்து, நெல் ரகத்துக்குத் தக்க விலை போட்டுச் சீட்டு அடிக்கும் புரோகிராம் அங்கே ஓடியது. ரகங்களின் டேபிள் ஒரு ஷேர்டு லைப்ரரியில் இருந்தது: ஆடுதுறை 36, ஆடுதுறை 43, சி.ஆர். 1009, பி.பி.டி. 5204 என்று 12 ரகம். முந்தைய ஆண்டு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ 51 ரகத்தை வெளியிட்டிருந்தது. டெல்டாவில் சிலர் அதை நட்டிருந்தார்கள். எனவே லைப்ரரி எழுதியவர்கள் பதின்மூன்றாவது வரிசையைச் சேர்த்துப் புதிய லைப்ரரியை அனுப்பினார்கள். புரோகிராமை யாரும் தொடவில்லை. லைப்ரரியை மட்டும் மாற்றினால் போதும் என்பதுதானே ஷேர்டு லைப்ரரியின் பெருமை.

பழைய 12 ரகத்துக்கும் சீட்டு ஒழுங்காக வந்தது. கோ 51 ஏற்றி வந்த வண்டிக்கு மட்டும் ரகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத எழுத்துகள். விலையில் ஏதோ ஓர் எண். வண்டிக்கு வண்டி அந்த எண் மாறியது. நான் நேரில் போனேன். மேடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் பொறுமையாகச் சொன்னார்: “தம்பி, தினம் காலையில மெஷினைப் போட்டதும் இங்கிலீஷ்ல ஒரு வரி வருது. எண்டர் தட்டிட்டு வேலையைப் பாத்துக்கிட்டு இருக்கோம். அதுல எதுவும் விஷயம் இருக்குமா?”

விஷயம் முழுக்க அந்த வரியில்தான் இருந்தது. இந்தப் பெயருள்ள சிம்பலின் நீளம் ஷேர்டு லைப்ரரியில் வேறாக இருக்கிறது, மறுபடி லிங்க் செய்வது நல்லது என்று டைனமிக் லிங்கர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு ரகத்துக்கு 32 பைட். புரோகிராமை லிங்க் செய்த நாளில் 12 ரகம், 384 பைட். லிங்கர் அந்த அளவுக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தது. புதிய லைப்ரரியில் 416 பைட் இருந்தாலும் நகலெடுக்க 384க்குத்தான் இடம். லைப்ரரியும் தன்னுடைய முழு டேபிளை விட்டுவிட்டு இந்த நகலைத்தான் பார்த்தது. பதின்மூன்றாவது வரிசையைத் தேடி 384ஆவது பைட்டுக்குப் போனால், அங்கே புரோகிராமின் வேறொரு வேரியபிள் இருந்தது: கடைசியாக நின்ற வண்டியின் எடை. அதைத்தான் விலை என்று எடுத்துக்கொண்டிருந்தது.

உழவர் ஒருவர் மாதக்கணக்கில் பாடுபட்டு விளைவித்து வந்த நெல்லுக்கு, முன்னால் நின்ற வண்டியின் எடை விலையாகிறது. சீட்டை ஆலைக்காரர்கள் கையால் திருத்திக் கொடுத்ததால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து இது எனக்கு ஒரு நுட்பப் பிரச்சினை மட்டும் அல்ல. மறுபடி லிங்க் செய்தால் 13 ரகத்துக்கும் இடம் கிடைக்கும், சரி. ஆடுதுறையிலிருந்து பதினான்காவது ரகம் வந்தால்? டேபிளை லைப்ரரிக்குள் மறைத்து, ‘இந்த எண்ணுக்குரிய ரகத்தைக் கொடு’ என்று கேட்கும் ஒரு ஃபங்ஷனை மட்டும் வெளியே விட்டோம். ஃபங்ஷனுக்கு நீளம் ஒரு பொருட்டல்ல. உள்ளே 13 இருந்தாலும் 130 இருந்தாலும் வெளியே இருப்பவருக்கு ஒன்றுதான்.

சி லைப்ரரியே இதே கஷ்டத்தைப் பல ஆண்டு சுமந்தது. நாங்கள் லேபில் பயன்படுத்திய அந்த சிஸ்-எர்லிஸ்ட்தான். லினக்ஸ் கெர்னலில் புதிய பிழை எண் ஒன்று சேரும்போதெல்லாம் அந்த டேபிள் நீளும். 2009இல் வயர்லெஸ் சுவிட்ச் அணைந்திருக்கிறது என்பதற்கு 132, நினைவகச் சில்லில் கோளாறு என்பதற்கு 133 என இரண்டு எண்கள் வந்தன. மடிக்கணினியின் வைஃபை பொத்தானுக்காக உலகத்தில் உள்ள பழைய புரோகிராம்களை உடைக்க முடியுமா? லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியை எழுதுகிறவர்கள் சிம்பல் வெர்ஷனிங் என்ற முறையில், ஒரே பெயருக்கு 2.3, 2.4, 2.12 என்று வெர்ஷன் எண் போட்டுப் பல நீளங்களை வைத்துக்கொண்டார்கள். பழைய புரோகிராமுக்குப் பழைய நீளம் தெரியும். புதியதற்குப் புதிய நீளம். கூடவே, இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு லிங்கர் மூலம் எச்சரிக்கையும் கொடுத்து வந்தார்கள். 2020 ஆகஸ்டில் வந்த 2.32இல் முடித்துவைத்தார்கள். புதிதாக லிங்க் செய்யும் எதற்கும் சிஸ்-எர்லிஸ்ட் இனிக் கிடையாது. ஸ்டிரெரர் என்ற ஃபங்ஷனைக் கேட்க வேண்டும். பழைய புரோகிராம்களுக்காக மட்டும் அந்த டேபிள் உள்ளே இன்னும் இருக்கிறது. எர்நோவும் இன்று வேரியபிள் அல்ல. அப்படி எழுதினால், பின்னால் ஒரு ஃபங்ஷன் அழைப்பாக மாறி, ஓடிக்கொண்டிருக்கும் திரெட்டுக்குரிய முகவரியைத் தருகிறது. 1996இல் நான் எழுதிய பத்து வரிப் புரோகிராமில் இருந்த இரண்டு வேரியபிளும் இன்று ஃபங்ஷனாகிவிட்டன.

மூன்றாவது வேரியபிள் ஒன்று மட்டும் மாறவில்லை: பிழைச் செய்திகள் போகும் எஸ்டிடி-எர். இன்றைய உபுண்டுவிலோ டெபியனிலோ, எஸ்டிடி-எர்ரில் ஒரு வரி எழுதும் ஐந்து வரிப் புரோகிராமை ஜிசிசியில் கம்பைல் செய்து, ரீட்-எல்ஃப் கருவியால் அதன் ரீலொகேஷன்களைப் பாருங்கள். பட்டியலில் காப்பி என்று முடியும் ஒரு வகை இருக்கும். எதிரே எஸ்டிடி-எர் என்ற பெயர், அதன் பக்கத்தில் ஜிலிப்சி 2.2.5 என்ற வெர்ஷன். எட்டு பைட். சி லைப்ரரிக்குச் சொந்தமான அந்த எட்டு பைட் உங்கள் புரோகிராமுக்குள் குடி வந்திருக்கிறது. அதன் நீளம் மாறாது என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000ஐ ஒட்டி கே.டி.இ. மேசைத்தளத்தைத் தன்னார்வலர்கள் தமிழில் கொண்டுவந்தார்கள். மெனுவில் தமிழைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் ஒரு புரோகிராம் திறக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும். சி++ லைப்ரரிகள் ஆயிரக்கணக்கான நீண்ட பெயர்களை வெளியே விட்டிருந்தன. ஒவ்வொரு பெயரையும் வரிசையாக ஒவ்வொரு லைப்ரரியிலும் தேடித் தீர்த்த பிறகே ஜன்னல் திறக்கும். 2005 ஏப்ரலில் ஜிசிசி 4.0 வந்தது. அந்த மாதம் நான் ஊரில் இருந்தேன். முந்தைய டிசம்பர் 26 காலை கடல் கொண்டுபோன அப்பாவின் கடையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தோம். இரவில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்தேன். எல்லாப் பெயரையும் மறைத்துவிட்டு, வெளியே போக வேண்டியதை மட்டும் குறிக்கும் வசதி அதில் சேர்ந்திருந்தது: விசிபிலிட்டி ஹிட்டன். அடுத்த ஆண்டே பெயர் தேடலை விரைவாக்கும் புதிய ஹேஷ் டேபிளும் வந்தது.

முதலில் நிற்பவரே வருவார் என்ற விதிக்காகக் கொடுத்த விலை பைத்தானில் நன்றாகத் தெரிந்தது. ஷேர்டு லைப்ரரியாக இருக்கும் பைத்தான் தன்னுடைய சொந்த ஃபங்ஷன்களையே பிஎல்டி வழியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யாராவது குறுக்கே வரக்கூடும் என்பதால் ஜிசிசி அவற்றை இன்லைன் செய்யவும் தயங்கியது. ‘யாரும் குறுக்கே வர மாட்டார்கள்’ என்று சொல்லும் ஒரு ஆப்ஷனைச் சேர்த்து 2020இல் ஃபெடோரா 32 வெளியிட்ட பைத்தான் 3.8, வேலையைப் பொறுத்து 5 முதல் 27 சதவீதம் வரை வேகமாக ஓடியது. பைத்தானில் ஒரு வரிகூட மாறவில்லை.

2016இல் அண்ணன் மகள் பொறியியல் கடைசி வருஷம். பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி அவளிடம் இருந்தது. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அவள் பிறகு அதில் உபுண்டு போட்டுக்கொண்டாள். எனக்கு 486இல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைத்த உலகம் அவள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. வேளாங்கண்ணிக்கு ரயிலும் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் ராத்திரி கூப்பிட்டாள்.

“சித்தப்பா, க்யூட்டில ஒரு சின்ன ஜன்னல் எழுதினேன். கம்பைலே ஆகல. எஃப்-பிக் போட்டுக் கம்பைல் பண்ணு, எஃப்-பை போதாதுங்குது. ரெண்டும் பொசிஷன் இண்டிபெண்டண்ட்தானே? ஒண்ணு எப்படிப் போதாம போகும்?”

நல்ல கேள்வி. க்யூட் என்ற ஜன்னல் லைப்ரரியின் குழு பழைய வாக்கின் சுமையைத் தாங்க முடியாமல் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. லைப்ரரிக்குள் இருப்பதை லைப்ரரி நேரடியாகவே கூப்பிடும். வெளியே யார் முன்னால் நின்றாலும் பார்க்காது. வேகம் கூடியது. ஆனால் புரோகிராம் பழைய முறையில் கம்பைல் ஆகியிருந்தால், ஒரு ஃபங்ஷனின் முகவரி என்று அது வைத்திருப்பது தன்னுடைய பிஎல்டி துண்டின் முகவரியாக இருக்கக்கூடும். லைப்ரரி வைத்திருப்பதோ உண்மையான முகவரி. க்யூட் 5இல் சிக்னலையும் ஸ்லாட்டையும் இணைக்கும் புதிய முறை ஃபங்ஷன் முகவரிகளை ஒப்பிட்டுத்தான் சிக்னலை அடையாளம் காண்கிறது. ஒரே ஃபங்ஷனுக்கு இரண்டு முகவரி இருந்தால் இணைப்பு ஏற்படாது. பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காது. எஃப்-பிக் கொடுத்தால், எதுவும் வெளியே இருக்கலாம் என்று கம்பைலர் எடுத்துக்கொண்டு ஜி.ஓ.டி. வழியாகப் போகும். எஃப்-பை கொடுத்தால், இது புரோகிராம்தானே என்று நேர்வழியில் போய்விடலாம். ஆகவே போதாது. க்யூட்டில் நெடுநாள் உழைத்த தியாகோ மசியேரா, லினக்ஸில் டைனமிக் லைப்ரரிகளின் நிலை குறித்து 2012இலேயே வருத்தத்தோடு விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய வருத்தம் நியாயமானது. லைப்ரரி எழுதுகிறவர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், புரோகிராம் கம்பைல் ஆகும் விதம் அந்த ஒழுங்கைக் கலைத்துவிட முடிகிறது.

இதில் எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது, காரியங்கள் நடந்த வரிசை. 2015இல் வந்த ஜிசிசி 5, எக்ஸ்86-64 மெஷின்களில் எஃப்-பை முறைப் புரோகிராம்களிலும் வேரியபிளை நேராகவே அணுகத் தொடங்கியது. அதாவது காப்பி ரீலொகேஷனை இன்னும் பரவலாக்கியது. காரணம் வேகம்: ஜி.ஓ.டி. வழியாகப் போனால் ஒரு படி கூடுதல். ஆனால் 2016 ஜனவரியில் வந்த, லிங்கர் அடங்கிய பைன்யூட்டில்ஸ் 2.26இல், வேரியபிள் புரோகிராமுக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கூடுதல் படியை லிங்கரே நேர்வழியாக மாற்றி எழுதக் கற்றுக்கொண்டது. நேர்வழியை அவசியமாக்கிய காரணம் ஒரு வருஷத்துக்குள் பெருமளவு போய்விட்டது. நேர்வழி மட்டும் இயல்பு ஏற்பாடாக நின்றுவிட்டது. இந்த இரண்டும் இடம் மாறி வந்திருந்தால், இன்று காப்பி ரீலொகேஷன் பழைய புரோகிராம்களில் மட்டும் இருக்கும் ஒரு சங்கதியாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

2022இல் ஜிசிசி 12 வந்தபோது, வெளியே இருக்கக்கூடிய எதையும் நேராகத் தொடாதே என்று சொல்லும் ஆப்ஷன் ஒன்று சேர்ந்தது. இந்த வேலையைச் செய்தவர் எச்.ஜே. லூ. லினக்ஸ் ஏ.அவுட்டிலிருந்து எல்ஃபுக்கு மாறிய 1995இல், எல்ஃபைப் புரோகிராமர்களுக்கு விளக்கி எழுதியவரும் அவர்தான். அதே 2022இல் லினக்ஸ் கெர்னல் எக்ஸ்86இல் ஏ.அவுட் ஆதரவையும் நீக்கிவிட்டது. என் கல்லூரிக் காலத்து சிடியில் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்த வடிவம் கெர்னலை விட்டுப் போக அத்தனை வருஷம் ஆயிற்று. புதிய ஆப்ஷன் இருக்கிறதே தவிர, நாமாகக் கொடுத்தால்தான் உண்டு.

இப்போது நான் ஊரிலிருந்தே வேலை செய்கிறேன். கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். மாடியில் ஃபைபர் இணைப்பு. எங்கள் லைப்ரரியின் ஹெட்டர் கோப்பைத் திறந்தால், வெளியே போகும் ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் ஒரு மேக்ரோ இருக்கும். விண்டோஸில் அது டிஎல்எல்-எக்ஸ்போர்ட்டாக விரியும். லினக்ஸில் விசிபிலிட்டி டிஃபால்ட்டாக. விஷுவல் சி++ நண்பர்கள் 1996இல் எழுதியதைத்தான் நான் இன்று எழுதுகிறேன், மனமார எழுதுகிறேன். எது வெளியே போகிறது என்று எழுதுகிறவருக்குத்தான் தெரியும். கம்பைலர் ஒரு கோப்பை மட்டும் பார்க்கிறது. லிங்கர் வருவதற்குள் கட்டளைகள் எழுதி முடிந்துவிடுகின்றன. டைனமிக் லிங்கருக்கு இருப்பதை வைத்துச் சமாளிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எழுதுகிறவர் ஒரு சொல்லில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால் இந்த மூன்றும் முப்பது வருஷத்துக்கு மேல் ஊகித்துக்கொண்டே வந்திருக்கின்றன. அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று புதிதாக லைப்ரரி எழுதுகிற யாரிடமும், பெயர்களை முதலில் மறைத்துவிட்டுத் தொடங்குங்கள், வேரியபிளை வெளியே விடாதீர்கள் என்றுதான் கேட்பேன்.

அண்ணன் மகள் இப்போது சென்னையில் இதே துறையில் இருக்கிறாள். போன மாதம் கூப்பிட்டு, அவள் கைக்கு வந்திருக்கும் ஒரு பழைய லைப்ரரியைப் பற்றிக் கேட்டாள். அதிலும் ஒரு டேபிள் வெளியே நிற்கிறது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் பல வருஷத்துக்கு முன்னால் லிங்க் செய்த புரோகிராமை இன்னும் ஓட்டுகிறார். அதன் சோர்ஸ் அவரிடமே இல்லை.

“ஹெட்டர்ல இருந்து தூக்கிட்டேன் சித்தப்பா. லைப்ரரியில இருந்தும் தூக்கிடலாமா?”

“வேண்டாம்மா. பழைய வெர்ஷன் பேர்ல, பழைய நீளத்துலயே விட்டு வை. புதுசா லிங்க் பண்றவங்க கண்ணுல மட்டும் படக் கூடாது.”

“உள்ளே நாங்க தனிப் பேர்ல புது டேபிள் வச்சுக்கறோம். ஆனா ஓடிட்டு இருக்கும்போது லைப்ரரி அதுல ஏதாவது மாத்தினா, அவரோட காப்பிக்கு அது போகாதே?”

போகாது. லைப்ரரி தன்னுடைய டேபிளைத்தான் மாற்றும். அவருடைய புரோகிராமுக்குள் இருக்கும் நகல், கிளம்பிய நேரத்தில் இருந்தபடியே இருக்கும். ஓட்டத்தின் நடுவே மாறும் மதிப்புகளை அவருடைய புரோகிராம் படிக்கிறதா என்று கேட்டு வாடிக்கையாளருக்கு எழுதியிருக்கிறாள். படிக்கிறது என்றால், இரண்டு டேபிளிலும் சேர்த்து எழுத வேண்டும். அல்லது அந்தப் புரோகிராம் ஓயும் வரை நீளத்தைத் தொடாமல் பழைய டேபிளையே உள்ளேயும் வைத்துக்கொள்ள வேண்டும். பதில் இன்னும் வரவில்லை.